எட்டாம் பக்கத்தில் புளியடிப் பங்கு

ஆலங்கோட்டகம் நடுநிலைப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி மணி என்றால் எந்தப் பிள்ளையும் வெளியே விடச் சொல்லிக் கையைத் தூக்காது. அது ‘இளம்பயிர்’ வகுப்பு. மாதத்துக்கு ஓர் இதழ், பெஞ்சுக்கு ஒரு பிரதி, பதினாறு பக்கம். தீக்குச்சிக் கணக்கு இருக்கும், விடுகதை இருக்கும், ‘இதைச் செய்து பார்’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் அடுப்படியில் எலுமிச்சம்பழத்தைத் திருடி உதை வாங்கியிருக்கிறார்கள் என்று அவர்கள் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். காவிரி எங்கெங்கே பிரிகிறது என்று ஒருமுறை நடுத்தாளில் படம் போட்டிருந்தார்கள். அதில் பாமணியாறு தலைமயிர் கனத்துக்கு இருந்தது. எங்கள் ஆற்றை இவ்வளவு சின்னதாகப் போட்டுவிட்டார்களே என்று பிள்ளைகளுக்கு ஒரே கோபம்.

இதையெல்லாம் செய்தவர் தலைமை ஆசிரியர் பஞ்சாபகேசன். வந்த புதிதில் அது வெறும் கையெழுத்துப் பத்திரிகைதான். அவரே எழுதி, அவரே படம் வரைந்த ஒரே பிரதி. அது முதல் பெஞ்சிலிருந்து கடைசிப் பெஞ்சுக்குப் போவதற்குள் மூலை மடிந்து எண்ணெய்க்கறை ஏறிவிடும். பிறகு கொஞ்ச காலம் கையால் மை உருட்டிப் பிரதி எடுத்தார். கழக ஆட்சி வந்த சமயத்தில் மன்னார்குடியில் காலால் மிதிக்கிற பழைய அச்சு மெஷின் ஒன்று கிடைத்தது. அதை வைக்க இடம்? ரெங்கசாமிப் பண்ணையார் தன்னுடைய பழைய நெல் கிடங்கைத் திறந்துவிட்டார். வாடகை வேண்டாம் என்றார். வருஷத்துக்கு வேண்டிய காகிதத்தையும் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். வள்ளல் என்று ஊரே சொன்னது. வள்ளல்தான், யார் இல்லை என்றது? மெஷின் வந்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம், தரங்கம்பாடிப் பக்கம் என்று எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்கு ‘இளம்பயிர்’ தபாலில் போயிற்று.

பஞ்சாபகேசன் கெட்டவர் இல்லை. கிழிந்த சட்டையோடு வரும் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தைத்து அனுப்புகிறவர். தெற்குத் தெருப் பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்கார வைத்ததற்காக ஊரில் நாலு பேரோடு முகமுறிவு வந்தபோதும் அசையாதவர். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கெட்டவர் செய்திருந்தால் அட போடா என்று போயிருக்கலாம்.

‘இளம்பயிரி’ன் எட்டாம் பக்கம் பிள்ளைகளுடையது. ‘எங்கள் ஊர், எங்கள் தொழில்’ என்று தலைப்பு. யார் எழுதியது அச்சில் வருகிறதோ அந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை எல்லா வகுப்புக்கும் முன்னால் நின்று வாசிக்கும். சாயங்காலம் அந்த இதழை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்ட வேண்டும். தெற்குத் தெருவில் இதுவரை யார் எழுதியதும் வந்ததில்லை. தை மாத இதழில் வந்தது. எழுதியவள் எட்டாம் வகுப்பு நீலாம்பாள், ஐயாவுவின் மகள்.

ஐயாவு புளியடிப் பங்கு என்கிற வயலைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவன். நிலம் ரெங்கசாமிப் பண்ணையாருடையது. ஐயாவுவின் அப்பன் காலத்திலிருந்து அவர்கள்தான் அதில் இறங்கி நிற்கிறார்கள். அறுப்பு முடிந்ததும் களத்தில் பண்ணைக்கு உள்ளதை அளந்து கொடுத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். சீட்டு, ரசீது எதுவும் கிடையாது. வாய்ச்சொல்தான், களத்தில் நிற்கிற நாலு பேர்தான். ஆனால் கூலிக்காரன் வேறு, குத்தகைக்காரன் வேறு. தெற்குத் தெருவில் ஐயாவு நடந்து போனால் அந்த வித்தியாசம் நடையிலேயே தெரியும்.

நீலா எழுதிக் கொடுத்தது இது: ‘எங்கள் அப்பா புளியடிப் பங்கைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறார். அதற்கு முன் எங்கள் தாத்தா செய்தார். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்த மூலை காயும் என்று அப்பாவுக்குத் தெரியும். நாற்றுப் பறிக்கிற அன்று அம்மா கருவாட்டுக் குழம்பு வைப்பாள். அந்த வயல் எங்கள் வீட்டில் இன்னொரு ஆள்.’

அச்சில் வந்தது இது: ‘என் தந்தையார் பண்ணையாரின் வயலில் தினக்கூலிக்கு உழைக்கிறார். என் தாயாரும் உடன் உழைக்கிறார். பொங்கல் திருநாளில் பண்ணையார் எங்களுக்குப் புத்தாடை வழங்குவார். நாங்கள் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். உழைப்பே உயர்வு.’ பக்கத்தில் ஒரு மாட்டின் படம்.

வெள்ளிக்கிழமை அதை வாங்கிப் படித்ததும் நீலா பக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். தன் பெயர் இருக்கிறது, கீழே வகுப்பும் இருக்கிறது, நடுவில் இருப்பது யாருடையது? ஆனால் நூறு பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. அச்சில் இருந்தபடியே வாசித்தாள். கைதட்டினார்கள். பஞ்சாபகேசன் தலையில் தட்டிக்கொடுத்து, “கொஞ்சம் ஒழுங்கு பண்ணிப் போட்டேன், பார்த்தியா? அச்சுக்குன்னா ஒரு மரியாதை வேணுமில்லே” என்றார். எல்லாப் பிள்ளைகள் எழுதியதையும் அவர் அப்படித்தான் ஒழுங்கு பண்ணுவார். கடைசியில் ஒரு நீதி இல்லாமல் அவருக்குக் கட்டுரை முடியாது.

வீட்டுக்கு வந்தால், ஐயாவு குளித்துவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுக் காத்தானையும் கூப்பிட்டு வைத்திருந்தான். அம்மா காளியம்மாள் பயறு அவித்து வைத்திருந்தாள்.

“படி ஆத்தா. காத்தான் கேக்கட்டும். நம்ம தெருப் பேரு அச்சுல வந்துருக்குன்னா நம்ப மாட்டேங்கிறான்” என்றான் ஐயாவு.

நீலா இதழைப் பிரித்தாள். தினக்கூலி என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அவளால் முடியவில்லை. விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டு, தான் எழுதியதை, மனப்பாடமாக இருந்ததை, முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். வயல் எங்கள் வீட்டில் இன்னொரு ஆள் என்று வந்ததும் காளியம்மாள், “அட என் ராசாத்தி, எங்கேருந்துடி புடிச்சே இதை!” என்று முகத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

“புளியடிப் பங்குன்னு எங்க போட்டுருக்கு? காட்டு” என்றான் ஐயாவு. அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது.

நீலா ஏதோ ஒரு வரியில் விரலை வைத்தாள். அந்த விரலை எடுக்கச் சொல்லிவிட்டு அதே இடத்தில் ஐயாவு தன் விரலை வைத்துப் பார்த்தான். “மாட்டுக் கொம்புக்கு நேரா, இந்தா. காத்தான், தொட்டுப் பாரு” என்றான். காத்தானும் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு உறவுக்காரனும் அந்த இடத்தைத் தொட வேண்டியதாயிற்று. இதழை மடிப்புக் குலையாமல் கல்யாண வேட்டிக்குள் வைத்துப் பெட்டியில் பூட்டினான் ஐயாவு.

அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. பங்குனியில் பண்ணைக் காரியக்காரர் கல்யாணம் என்பவர் வரப்பில் வந்து நின்றார்.

“ஐயாவு, இந்தக் குறுவைக்கு நாத்தங்கால் போடாதே. பண்ணையில சொந்தப் பயிர்னு முடிவாயிடுச்சு. நீ கூலிக்கு வந்துடு, ஒண்ணும் கொறைஞ்சிடாது.”

உளுந்துச் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்த ஐயாவு நிமிர்ந்தான். “என்னங்க சொல்றீங்க? புளியடிப் பங்கையா?”

“அதைத்தான் சொல்றேன். சட்டம் கிட்டம்னு எவனாவது வந்து ஓதினா கேக்காதே. உன் நல்லதுக்குச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டுக் கல்யாணம் குடையை விரித்துக்கொண்டு போனார்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்கிற சட்டம் வந்த பிறகு பண்ணைகள் பயந்துகொண்டுதான் இருந்தன. பதிவில் பெயர் ஏறிவிட்டால் அவனை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது. ஏறுவதற்கு முன்னாலேயே எழுப்பிவிட வேண்டும், அல்லது அவன் எப்போதுமே கூலிக்காரன்தான் என்று சொல்லிவிட வேண்டும். ஊருக்கு ஊர் இதே கூத்து.

மறுநாள் விவசாயச் சங்கத்து இராஜாங்கம் சைக்கிளில் வந்தார். மனு எழுதிக் கொடுத்து ஐயாவுவின் கைநாட்டை வாங்கிக்கொண்டார். வைகாசியில் பதிவு அதிகாரி முகாம் வருவார், நம் பள்ளிக்கூடத்திலேயே உட்கார்ந்து விசாரிப்பார் என்றார்.

“களத்துல அளந்ததைப் பாத்த ஆளு வேணும். வருவாங்களா?”

“காத்தான் வரேங்கிறான். அவன் மச்சானும் வருவான்” என்றான் ஐயாவு.

“போதும். எழுத்தா ஏதாச்சும் இருக்கா? இருக்காது, எனக்குத் தெரியும்.”

“ஏன் இல்லாம? இருக்குங்க. அச்சுலயே இருக்கு” என்றான் ஐயாவு. மகள் எழுதியதைப் பற்றி முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்.

இராஜாங்கம் சிரித்தார். “பிள்ளைங்க பத்திரிகையா? சரி, அதையும் எடுத்து வச்சுக்க. எனக்கு இன்னும் மூணு ஊரு போவணும்” என்று சைக்கிளில் ஏறிவிட்டார். அவர் ஒரு நிமிஷம் இறங்கி அதை வாங்கிப் பார்த்திருக்கக் கூடாதா? யாரைச் சொல்லி என்ன.

அடுப்படியில் இருந்த நீலாவுக்கு அது காதில் விழுந்தது. சோற்றை வடிக்கிறவள் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டாள். காளியம்மாள் ஓடிவந்து, “கண்ணு எங்கடி இருக்கு உனக்கு?” என்று வைது, மாவைத் தடவிவிட்டாள். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று நீலா அன்றைக்கு அவனுக்குப் பக்கத்திலேயே போய்ப் போய் நின்றாள். “என்ன ஆத்தா?” என்பான். “ஒண்ணுமில்லப்பா” என்பாள். ஊரையெல்லாம் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்ன மனிதனிடம் அது பொய் என்று எப்படிச் சொல்வது?

சித்திரை விடுமுறைக்கு முன் கடைசி வெள்ளிக்கிழமை, பிள்ளைகள் எல்லாம் போன பிறகு அவள் பஞ்சாபகேசனிடம் போனாள். அவர் அடுத்த இதழுக்கு அச்சுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நான் எழுதினதுல குத்தகைன்னு இருந்துச்சு சார். நீங்க கூலின்னு போட்டுட்டீங்க.”

“ஆமாம். இப்போ இருக்கிற நெலைமையிலே குத்தகை, பங்குன்னு குழந்தைகள் பத்திரிகையிலே எதுக்குன்னு விட்டேன். அதுக்கென்ன இப்போ?”

நீலா எல்லாவற்றையும் சொன்னாள், வீட்டில் மாற்றிப் படித்ததையும் சேர்த்து. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. பஞ்சாபகேசன் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகமும் மாறிப்போயிற்று.

“அழாதே. அழாதேம்மா. நான் பண்ணின காரியம், நானே சரி பண்றேன். முகாமுக்கு எப்படியும் நான் இருப்பேன், பள்ளிக்கூடத்திலேதானே நடக்கப்போறது? பிள்ளை எழுதிக் கொடுத்தது குத்தகைன்னுதான், மாத்தினது நான்னு அதிகாரிகிட்டே சொல்லிடறேன்.”

“அப்பாகிட்ட சொல்லிடட்டுமா சார்?”

“வேண்டாம். பாவம், எதுக்கு அந்த மனுஷன் மனசை நோகடிக்கணும்? நான் சொன்னா விஷயம் முடிஞ்சுது. என்னை நம்பு.”

நம்பினாள். நம்பாமல்? அவளுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தவர் அவர். வீட்டுக்குப் போகிற வழியில் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, வாய்க்கால் கரையில் ஓடியே போனாள். அன்றைக்குத்தான் அவள் நன்றாகச் சாப்பிட்டாள் என்று காளியம்மாள் பின்னால் சொன்னாள்.

வைகாசியில் முகாம் வந்தது. வெயில் என்றால் அப்படி வெயில், வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எட்டாம் வகுப்பறையில் பஞ்சாபகேசனுடைய மேசைக்குப் பின்னால் பதிவு அதிகாரி உட்கார்ந்தார். முதல் பெஞ்சில் கல்யாணமும் பண்ணையின் வக்கீலும் உட்கார்ந்தார்கள். பண்ணையார் வரவில்லை, அவர் எதற்கு வருகிறார்? இராஜாங்கம் சுவரோரம் நின்றார். ஐயாவுவை உட்காரச் சொன்னால் அவன் உட்காரவில்லை. பெண்பிள்ளைகளை உள்ளே விடவில்லை. காளியம்மாளும் நீலாவும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள்.

காத்தான் தைரியமாகச் சொன்னான்: “நான் களத்துல நின்னேங்க. இவுரு அளந்து குடுத்தாரு, கல்யாணத்து ஐயா வாங்கிட்டுப் போனாரு. வருசா வருசம் அதான் நடக்குது.” அவன் மச்சானும் அதையே சொன்னான். வக்கீல் குறுக்கே குறுக்கே கேட்டும் இரண்டு பேரும் பிறழவில்லை. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். இராஜாங்கத்தின் முகத்தில் தெளிவு வந்தது. “சரி பெரியவரே, போகலாம்” என்றார் அதிகாரி.

ஐயோ, அத்தோடு ஐயாவு போயிருக்கக் கூடாதா! அவனுக்கு மனசு கேட்கவில்லை. மடியிலிருந்து வேட்டித் துணியைப் பிரித்து, தை மாத ‘இளம்பயிரை’ எடுத்தான்.

“ஐயா, எழுத்தும் இருக்குங்க. எம் பொண்ணு எழுதுனது. அச்சுல போட்டுருக்கு, ஊரு பூரா போயிருக்கு. எட்டாம் பக்கம், மாட்டுக் கொம்புக்கு நேரா. இந்தா, இந்த எடத்துல பாருங்க” என்று பக்கத்தைப் பிரித்துச் சரியாக அந்த வரியில் விரலை வைத்தான்.

அதிகாரி அவன் விரலை நகர்த்திவிட்டு உரக்கப் படித்தார். “என் தந்தையார் பண்ணையாரின் வயலில் தினக்கூலிக்கு உழைக்கிறார்.”

வக்கீல் எழுந்தே நின்றுவிட்டார். ஐயாவு சிரித்தபடியே நின்றான். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. “அது இல்லீங்க, அதுக்கு அடுத்தாப்புல இருக்கும், புளியடிப் பங்குன்னு” என்றான்.

“எங்கேயும் இல்லையே, பெரியவரே. கூலின்னுதான் இருக்கு. பொங்கலுக்குப் புத்தாடை வாங்கிக்கிறதா இருக்கு.”

இராஜாங்கம் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஜன்னலில் நீலா கம்பியைப் பிடித்துக்கொண்டு பஞ்சாபகேசனையே பார்த்தாள். அவர் கரும்பலகைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்த்தாள்.

அதிகாரியே கேட்டார். “சார், இது உங்க பத்திரிகைதானே? இது அந்தப் பொண்ணு எழுதினதுதானா, நீங்க ஏதாவது மாத்தினீங்களா?”

பஞ்சாபகேசன் கல்யாணத்தைப் பார்த்தார். கல்யாணம் அவரைப் பார்க்கக்கூட இல்லை. குடைக் காம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறபடிதான் போடறது வழக்கம். எழுத்துப்பிழை இருந்தா திருத்துவோம். அவ்வளவுதான்” என்றார் பஞ்சாபகேசன்.

“சார்!” என்று கத்தினாள் நீலா. “நான் அப்படி எழுதல சார்! நீங்க சொல்றேன்னீங்களே சார்!”

எல்லோரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி அவளை உள்ளே கூப்பிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

“நீதானே எழுதினது? பள்ளிக்கூடத்திலே எல்லார் முன்னாடியும் நின்னு இதை வாசிச்சியா?”

“வாசிச்சேன்.”

“எப்படி வாசிச்சே? இதிலே இருக்கிறபடியா?”

“ஆமாங்க. ஆனா...”

“அப்போ ஏன் இது தப்புன்னு யார்கிட்டேயும் சொல்லலே?”

நீலா அப்பாவைப் பார்த்தாள். அப்போது ஐயாவு திரும்பினான். அதிகாரியையும் மறந்தான், வக்கீலையும் மறந்தான். “வூட்டுல நீ எப்படி ஆத்தா படிச்சே?” என்று கேட்டான். “வூட்டுலயும் இதே பொஸ்தகந்தானே. புளியடிப் பங்குன்னு படிச்சியே. உன் வெரல இந்த எடத்துலதானே வச்சே?”

“நான் எழுதுனதத்தாம்ப்பா சொன்னேன். அதுல இருந்ததப் படிக்கல” என்றாள் நீலா.

ஐயாவு இதழை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே நடந்தான். வேட்டித் துணியை மட்டும் மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

முகாம் கலைந்ததும் காளியம்மாள் பள்ளிக்கூட வாசலில் பஞ்சாபகேசனை மறித்தாள். அவர் குடையும் பையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

“என்ன வாத்தியாரய்யா, சொல்றேன்னு சொன்னீங்களாமே எம் பொண்ணுகிட்ட? அப்பன்கிட்ட சொல்லாதேன்னும் சொன்னீங்களாமே? அதையாச்சும் சொல்லாம இருந்துருக்கலாமே. அவ அன்னைக்கே சொல்லியிருந்தா அந்த மனுசன் அதைத் தூக்கிட்டு வந்துருப்பாரா?”

“காளியம்மா, நான் சொல்றதைக் கேளு...”

“என்னத்தக் கேக்குறது?”

“நேத்திக்குக் கல்யாணம் வந்தார். கிடங்கைக் காலி பண்ணிக் கொடுங்கோன்னு சொல்லிட்டார். மெஷினை நான் எங்கே கொண்டு வைப்பேன்? காகிதத்துக்கு எங்கே போவேன்? எத்தனை ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பத்திரிகையைப் பார்த்துண்டு உட்கார்ந்திருக்கு தெரியுமா? ஒரு வயலுக்காக அத்தனையையும் நிறுத்தச் சொல்றியா?”

“ஒரு வயலா!” என்றாள் காளியம்மாள். அவள் குரல் வாய்க்கால் மதகுவரை கேட்டது. “உங்களுக்கு ஒரு வயலு. எங்களுக்கு எத்தனை வயலுங்க இருக்கு? எங்க சோத்துல கைய வச்சுத்தான் ஊருப் புள்ளைக்கெல்லாம் விடுகதை போடுவீங்களா? போடுங்க, நல்லாப் போடுங்க. எம் பொண்ணு பேரை மட்டும் இனிமே அந்த நாத்தம் புடிச்ச பேப்பருல போடாதீங்க!” புடவைத் தலைப்பை உதறிக் கட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். பஞ்சாபகேசன் வெயிலில் குடையை விரிக்க மறந்து நின்றார். நிற்கட்டும். எனக்கு இரக்கம் வரவில்லை.

வீட்டில் ஐயாவு மகளை வையவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது நீலாவுக்கு. சோறு போட்டால் சாப்பிட்டான். “நல்லதுக்குத்தாம்ப்பா மாத்திப் படிச்சேன், உனக்கு வருத்தமா இருக்கும்னு” என்று அவள் ஒருமுறை சொன்னாள்.

“தெரியும்” என்றான். “வாத்தியாரும் நல்லதுக்குத்தான் மாத்துனாராம்.”

ஆனியில் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் சருகுமாகக் கலங்கி வந்து, வெடிப்பெல்லாம் குடித்துத் தீர்த்த பிறகுதான் வாய்க்கால் ஓட ஆரம்பித்தது. ஊரெல்லாம் நாற்றங்காலுக்கு இறங்கிவிட்டது. புளியடிப் பங்கில் பண்ணை ஆட்கள் ஏர் பூட்டியிருந்தார்கள். ஐயாவு வரப்பு ஓரம்வரை போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவான். வடமேற்கு மூலையில் தண்ணீர் தேங்கும், அங்கே வடிகால் வெட்டாமல் உழுகிறான் பார் என்று தனக்குத்தானே திட்டிக்கொள்வான்.

அந்த வாரம்தான் ஆபீஸ் தபாலைத் தலையாரி கொண்டுவந்து கொடுத்தான். நீலா ஓடிவந்து கையை நீட்டினாள். இத்தனை நாளும் வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவள் கையில்தான் முதலில் போகும். ஐயாவு அந்தக் கையைப் பார்த்தான். உறையை இடுப்பில் செருகிக்கொண்டு அவளைத் தாண்டி வாய்க்கால் பாலத்தடியில் இருந்த சேக் தாவூதின் கடைக்குப் போனான்.

சேக் தாவூது சாமான் கட்டிக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். குத்தகை நிரூபிக்கப்படவில்லை, மனுதாரரே கொண்டுவந்து காட்டிய அச்சிட்ட கட்டுரையில் அவர் கூலியாள் என்று உள்ளது, ஆகவே மனு தள்ளுபடி. ஆட்சேபம் இருந்தால் மேல்மனுச் செய்துகொள்ளலாம்.

“அப்படியேவா போட்டுருக்கு பாய்? நல்லாப் பாத்துப் படிங்க.”

“அப்படியேதான்யா போட்டுருக்கு. நான் எதுக்கு மாத்திப் படிக்கிறேன்?” என்றார் சேக் தாவூது. சொல்லி முடித்த பிறகுதான் அது உறைத்ததோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஐயாவு மகளுக்கு எதிரே உட்கார்ந்தான். “மேல்மனு எழுதணுமாம். இராஜாங்கம் வர்றதுக்குள்ள எழுதி வைக்கணும். பேனா எடு.”

நீலாவுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய்ப் பேனாவும் தாளும் எடுத்து வந்தாள். அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். “புளியடிப் பங்கை நான் குத்தகைக்குப் பயிர் செய்றேன். எனக்கு முன்னாடி எங்கப்பன் செஞ்சான். எந்த மூலையில தண்ணி தேங்கும், எந்த மூலை காயும்னு எனக்குத் தெரியும். கூலிக்காரனுக்கு அது எதுக்குத் தெரியணும்னு எழுது.” எழுதினாள். அவளுடைய எழுத்து நன்றாக இருந்தது, கோடு போடாத தாளிலும் வரி கோணவில்லை.

“முடிஞ்சுதுப்பா. படிச்சுக் காட்டட்டுமா?”

ஐயாவு தாளை அவள் கையிலிருந்து வாங்கினான். “எழுதறத நீயே எழுது ஆத்தா. வேற யாரு இருக்கா எனக்கு?” என்றான். “படிச்சுக் காட்ட வேணாம்.”

எழுந்து பாலத்தைப் பார்த்து நடந்தான். நீலா வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மனசு கேட்காமல் பின்னாலேயே போய் வாய்க்காலுக்கு இந்தக் கரையில் நின்றாள். எதிர்க்கரையில் சேக் தாவூது தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் படிப்பது கேட்டது. அவள் எழுதியது எழுதியபடியே, ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. படித்து முடித்துவிட்டு, “பொண்ணு நீ சொன்னதை அப்படியே எழுதியிருக்குய்யா” என்றார் அவர்.

ஐயாவு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான்.

“இன்னொருக்கா படிங்க பாய்” என்றான்.